குதிக்கிற டம்ளர், கண்ணாடி கழட்டுற டாக்டர்

சிலீர் என்று ஒரு சத்தம். காத்திருப்போர் கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

மச்சானின் கையில் இருந்த டீ கிளாஸ் தரையில் சிதறிக் கிடந்தது. சூடு தாங்காமல் நழுவிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் தொடர்கதைக்காரர் பார்த்தது எதிரே மூடியிருந்த ஆபரேஷன் தியேட்டர் கதவை.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவியின் இதயத்தில் ஒரு வால்வை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கண்ணாடி கிளாஸ் உடைகிறது. இதே காட்சியை வார இதழ்களில் அவர் எத்தனையோ முறை எழுதியிருக்கிறார். எழுதிய ஒரு முறைகூட கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பிழைத்ததில்லை.

"குதிக்கிற டம்ளர்," என்றார் வறண்ட குரலில்.

"அது குதிக்கல மாப்ளே, நான்தான் விட்டேன்," என்றார் மச்சான். மனைவியின் அண்ணன், டயர் கடைக்காரர். காலையிலேயே கடையை இழுத்துச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. "உள்ளங்கை வெந்துபோச்சு. அதுக்கு என் தங்கச்சி என்ன பண்ணுவா?"

துப்புரவு அம்மா ஒருத்தி துடைப்பமும் முறமுமாக வந்தாள். "கால மேல தூக்குங்கய்யா. செருப்ப எங்கேயோ விட்டுட்டு வெறுங்கால்ல உக்காந்திருக்கீங்க." சில்லுகளைக் கூட்டி அள்ளினாள். நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்து, ஒளிந்திருந்த ஒரு துண்டையும் விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள்.

தொடர்கதைக்காரர் அவள் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கதைகளில் எத்தனையோ டம்ளர்கள் உடைந்திருக்கின்றன. ஒன்றையாவது யாராவது கூட்டி அள்ளியதாக அவர் எழுதியதில்லை.

குதிக்கிற டம்ளர் என்று பெயர் வைத்தவள் உள்ளே படுத்திருப்பவள்தான். அவள் தையல்காரி. முன்னறையில் அவளுடைய மெஷின் ஓடும். அதை ஒட்டிய மேஜையில் இவர் எழுதுவார். எழுதிய தாள்கள் பத்திரிகைக்குப் போகுமுன் மெஷின் மேல் போய் உட்காரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள், துணியில் கோடு போடும் நீல சாக்கட்டியால் ஓரத்தில் ஒரு கீறு கீறித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏங்க, உங்க கதையில ஆக்சிடெண்ட் நடக்கிறது ஒரு ஊர்ல. டம்ளர் உடையறது வேற ஊர்ல. யாரும் தொடக்கூட இல்ல, தானா குதிக்குது. மேஜை சாஞ்சிருக்கா?"

அவருக்குச் சுருக்கென்றது. அன்று மத்தியானம் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சமாதானம் சொல்ல வரவில்லை. இவர் தட்டை மூடி வைத்துவிட்டு மெஷினை ஓட்டினாள். சாயங்காலம் பசி தாங்காமல் தட்டைத் திறந்தவர், சாப்பிட்டுக்கொண்டே பழைய தொடர்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரு டம்ளர் குதித்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் பெயர்சூட்டல் ஓயவே இல்லை. கதாநாயகனும் கதாநாயகியும் தனியாக மாட்டிக்கொண்டதும் பெய்யும் மழைக்கு 'கூலிக்கு வந்த மழை'. கதவருகே நின்று பேச்சில் பாதியை மட்டும் கேட்டுவிட்டு, வீட்டைவிட்டே போய்விடுகிற மருமகளுக்கு 'பாதிக் காது'. ஆபத்தில் கிடப்பவருக்குக் கடைசி நிமிடத்தில் ரத்தம் கொடுக்க வருவது அவருடைய ஜன்ம எதிரியாகவே இருந்தால் 'விரோதி ரத்தம்'. ரகசியத்தைச் சொல்ல வாயெடுத்து, "அந்தக் குழந்தையோட அப்பா..." என்று இழுத்து, அதோடு கண்ணை மூடிவிடுகிறவர் 'பேர் சொல்லாமப் போனவர்'. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்து, ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றி, தலையைக் குனிகிறவர் 'கண்ணாடி கழட்டுற டாக்டர்'.

"அந்த டாக்டருக்கு மட்டும் ஏன் கெட்ட சேதின்னா கண்ணு தெரியக்கூடாது?" என்று கேட்பாள். இவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் எதையும் எடுத்துவிடச் சொன்னதில்லை. "டம்ளர் இருக்கட்டும். அது யாரோட டம்ளர்னு சொல்லுங்க. அவன் தினம் காப்பி குடிச்ச டம்ளரா இருந்தா எனக்கும் வலிக்கும்ல." அந்த வாரம் அப்படியே எழுதினார். வாசகர்கள் அந்த டம்ளருக்காக அழுதார்கள். ஆசிரியர் போன் போட்டுப் பாராட்டினார். இவர் எல்லாவற்றையும் தம் திறமைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டபோது, பக்கத்தில் அவள் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

சாக்கட்டிக் கோடு ஊதினால் போய்விடும். அதனால்தான் பேனாவை எடுப்பதில்லை என்பாள். "உங்களுக்குப் பிடிக்கலேன்னா தட்டி விட்டுட்டு அனுப்பிடுங்க."

அவள் உயிர் இந்த அளவுக்குத் தப்பி வந்ததே அப்படி ஒரு பெயரால்தான். அவருடைய கதைகளில் யாராவது மூன்றாவது அத்தியாயத்தில் லேசாக இருமினால், முப்பதாவதில் நிச்சயம் செத்துப் போவார். அதற்கு 'மூணாம் அத்தியாய இருமல்' என்று பெயர். போன மாதம் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஏறியவள் பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. இவர் ஓடிப்போய்க் குடத்தை வாங்கினார். அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"ஏங்க, நான் மூணாம் அத்தியாயத்துல இருமிட்டேன் போல இருக்கே."

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும், வெயில், அசதி, சாப்பிடாமல் தைத்திருப்பாய் என்று இவர் தள்ளிவிட்டிருப்பார். அந்தப் பெயரைத் தள்ளிவிட முடியவில்லை. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கஷ்டம். நல்ல வேளையா வந்தீங்க," என்றார் டாக்டர்.

சரி, வந்தாயிற்று. இப்போது அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு. காலையில் தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது, கதவு வரை கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கதவருகில் நர்ஸ் அவர் கையைப் பிரித்தாள். வண்டி உள்ளே நுழையும்போது மனைவி தலையைத் தூக்கினாள்.

"அய்யய்யோ, ஒண்ணு மறந்தே போயிட்டேனே. அதைச் சொல்..."

கதவு சாத்திக்கொண்டது.

"பேர் சொல்லாமப் போனவர்," என்றார் இப்போது மச்சானிடம். "என்ன சொல்ல வந்தான்னு தெரியலையே மச்சான்."

"கேஸ அணைச்சீங்களான்னு கேட்டிருப்பா."

"அணைச்சது அவதான்."

"அப்போ பீரோ சாவி. எங்க அம்மா வீட்டுல இருந்தப்பவும் அப்படித்தான். சாவிய ஒளிச்சு வைப்பா, அப்புறம் அவளே தேடுவா." மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க சும்மா இருங்க மாப்ளே. என்னையும் சேர்த்துப் பயமுறுத்தாதீங்க. ரத்தம் எல்லாம் ரெடியா இருக்கு. கடைப் பசங்க வந்து குடுத்துட்டுப் போயிட்டானுங்க. உங்க மாடி வீட்டுக்காரரும் வந்தாரு."

"யாரு, மோட்டார் போடறதுல எங்கூடச் சண்டை போட்டவரா?"

"அவரேதான். படுத்துக் குடுத்துட்டு, ஜூஸ் கூட வேண்டாம்னுட்டுப் போயிட்டாரு."

"விரோதி ரத்தம்."

"என்ன விரோதி? தண்ணித் தகராறு. அதுவும் தப்பு உங்க பேர்லதான்னு தங்கச்சி சொன்னா."

தொடர்கதைக்காரர் அதை நினைத்துப் பார்த்தார். ஒருவர் கோபத்தைப் படியிலேயே விட்டுவிட்டு வந்து, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார். ஒரு வசனம்கூடப் பேசாமல் வேலைக்குப் போய்விட்டார். கதையாக இருந்தால் இரண்டு பக்கம் பேசவைத்திருப்பார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாடி ஏற வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது கதவு திறந்தது.

பச்சை உடையில் ஒல்லியான ஒரு டாக்டர் வெளியே வந்தார். கூடத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

எழுந்த தொடர்கதைக்காரர் அப்படியே சுவரில் சரிந்தார். அதைப் பார்த்த மச்சான், என்ன ஏது என்று கேட்காமல், "என் கண்ணே, தங்கச்சி," என்று தலையில் கைவைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். எதிர் வரிசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் திடுக்கிட்டுப் போனார். சட்டை நுனியால் துடைத்த கண்ணாடியை அவசரமாக மாட்டிக்கொண்டார். "யாருங்க நீங்க? என்ன ஆச்சு?"

"என் சம்சாரம்... வால்வு ஆபரேஷன்..."

"அது மூணாவது ரூம்ல நடக்குது. நான் ஒண்ணாவது ரூம். முட்டி ஆபரேஷன். அவங்களும் நல்லாத்தான் இருக்காங்க." பரிதாபமாகப் பார்த்தார். "நான் கேன்டீன் எந்தப் பக்கம்னு கேக்க வந்தேன்."

மச்சான் அழுகையை நிறுத்தி, ஈரக் கண்ணோடு கையை நீட்டி வழி காட்டினார். "நேராப் போயி இடது பக்கம். டீ கிளாஸ துணியால புடிச்சுக்குங்க டாக்டர், ரொம்ப சூடு."

அவர் போனதும் மச்சான் இவர் பக்கம் திரும்பினார். "மாப்ளே, உங்க கதைய இனிமே என் கடைப் பக்கம் கொண்டு வராதீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதிர் வரிசைப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். இவர் வாங்கிக் குடித்தார். சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடியபோது நேற்று எழுதிய தாள் கைக்கு வந்தது. நேற்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்புகூட படித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தாள். ஓரத்தில் போட்டிருந்த நீலக் கோடு உரசி உரசிப் பையின் உள்பக்கம் முழுக்க ஒட்டியிருந்தது. என்ன குறித்திருந்தாள் என்று தெரியவில்லை. விரலில் ஒட்டிய நீலத்தைத் துடைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பிழைத்து வரட்டும். பெயர் வைக்கட்டும். இன்னும் எத்தனை வேண்டுமானாலும் வைக்கட்டும். இத்தனை வருஷம் யாராவது தம்மை இவ்வளவு கவனமாகப் படித்ததுண்டா? அடுத்த முறை ஆசிரியர் போன் போடும்போது, அந்த டம்ளரை யார் கொடுத்தது என்று சொல்லிவிட வேண்டும்.

மத்தியான வெயில் ஜன்னலைத் தாண்டித் தரையில் இறங்கியபோது கதவு மறுபடி திறந்தது. இந்த முறை பெரிய டாக்டர். பின்னால் காலையில் கையைப் பிரித்த அதே நர்ஸ்.

உள்ளே இருந்த ஏசிக் குளிருக்கும் வெளியே இருந்த புழுக்கத்துக்கும் டாக்டருடைய கண்ணாடி ஒரே நொடியில் வெள்ளையாகப் பனி மூடிப்போனது. அவருக்கு எதிரே நிற்பவர் யார் என்றே தெரிந்திருக்காது. ஆனாலும் கழற்றவில்லை. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, தட்டுத் தடுமாறி முன்னால் வந்தார். ஒரு நாற்காலியில் முட்டியை இடித்துக்கொண்டார். நீட்டிய கை மச்சானின் தோளில் பட்டது. அவர்தான் கணவர் என்று நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. புது வால்வு அழகா வேலை செய்யுது. சாயங்காலம் கண்ணு முழிப்பாங்க, நீங்க போய்ப் பாக்கலாம்."

மச்சான் டாக்டரின் கையை எடுத்து, அப்படியே இவர் தோளுக்கு மாற்றி வைத்தார். தொடர்கதைக்காரர் நீலம் படிந்த விரல்களால் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நர்ஸ் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தாள். "சார், கீழே விழுந்துடப் போறீங்க. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க, தொடச்சுத் தரேன்."

டாக்டர் இரண்டு கையாலும் கண்ணாடியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இவர் முன்னாடி மாட்டேம்மா. 'ஒண்ணு மறந்தே போயிட்டேனே, என்ன ஆனாலும் சரி, அவர் எதிர்ல மட்டும் கண்ணாடியைக் கழட்டிடாதீங்க டாக்டர், அந்த மனுஷன் அங்கேயே உக்காந்துடுவாரு'ன்னு, மயக்க மருந்து ஏறி கண்ணு சொருகறப்பகூட, இவரு வீட்டம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."