கூரையில் நாற்பது ஆணி

மாக்கிரட் கூரையில் ஏறியது காலை ஒன்பதரைக்கு. பத்து மணிக்குள் வேலையை முடித்து இறங்கிவிடலாம் என்பது அவள் கணக்கு. அதற்குள் ஒரு காற்று வந்து, கூரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த தும்புத்தடியைத் தட்டிவிட்டது. கதவு டமாரென்று விழுந்தது. உள்ளே கொளுக்கி தானாகவே மாட்டிக்கொண்டது.

பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில் இப்படித் தட்டைக் கூரை வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. படுக்கையறை அலுமாரிக்குள் ஏணி, ஏணியின் உச்சியில் பலகைக் கதவு, அதைத் தள்ளினால் கூரை. வெளிப்புறத்தில் ஒரு கைப்பிடிகூட இல்லை. வெளியே போன மனிசர் திரும்பி உள்ளே வரமாட்டார் என்று நினைத்த எந்த மடையன் இதைக் கட்டினானோ!

தொலைபேசி குசினி மேசையில் கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். புருசன் யோசெப் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் நின்றார். அரைநாள் லீவு எடுத்து ஒரு மணிக்கு வருவார். பனிக்காலம் தொடங்குமுன் ஒழுகும் கூரையைச் சோதித்து அறிக்கை எழுத இரண்டு மணிக்கு ஒரு ஆள் வருகிறான். கூரையில் நின்ற ஆணிகள் அந்த ஆளின் கண்ணில் படாமல் இருக்கத்தான் மாக்கிரட் அவற்றைப் பிடுங்க ஏறினாள். இதுவரை பதினேழு. இன்னும் இருபத்திமூன்று கூரையில் நின்றன.

ஆணிகளை அடித்தவளும் அவள்தான். ஜூன் மாதம் ஜான்-டலோன் சந்தையில் நல்ல கும்பளா மீன் கண்டு, ஒரு பெட்டியாக வாங்கி, கீறி உப்பிட்டு, கருவாட்டுக்குக் கூரையில் பரப்பினாள். அரை மணியில் கடற்காகங்கள் குடும்பத்தோடு விருந்துக்கு வந்துவிட்டன. வலை விரித்துக் கல் வைத்தாள், காற்று தூக்கியது. மன்னாரில் மணலில் முளை அடித்து வலையை இழுத்துக் கட்டிப் பழகிய கை அது. கூரையும் மணலும் ஒன்றா என்று அந்தக் கை யோசிக்கவில்லை. சுற்றிவர நாற்பது ஆணி இறக்கினாள். கருவாடு அருமையாக வந்தது. யோசெப் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். வலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். ஆணிகள் அடுத்த முறைக்கும் நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கூரையின் மழை புகாத கறுப்பு விரிப்பை ஒரு வருசத்துக்கு முன் புதிதாய்ப் போட்டவன் அவள் மகன் றொக்சன். கூரை வேலைதான் அவன் தொழில். ஓகஸ்டில் மடுத் திருநாளுக்கு வீட்டில் ஆட்கள் கூடியிருந்தபோது மழை பெய்து, பத்திநாதர் அண்ணையின் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே முதல் துளி விழுந்தது. யோசெப் எல்லாருக்கும் முன்னால் மகனைப் பார்த்துச் சொன்னார்: "வேலை தெரியாதவன் என்னத்துக்குக் கூரையில ஏறவேணும்?"

றொக்சன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனான். மூன்று மாதமாக அந்தப் படி மிதிக்கவில்லை.

தன் ஆணிகளால்தான் ஒழுகுகிறது என்று மாக்கிரட்டுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு போயிருக்கும். ஆட்கள் இருக்கிறார்களே என்று விழுங்கினாள். மறுநாள் யோசெப்பின் முகத்தைப் பார்த்து விழுங்கினாள். ஒவ்வொரு கிழமையும் அந்தச் சொல் இன்னும் கொஞ்சம் பருத்து, கடைசியில் தொண்டையை விட்டு வெளியே வரமுடியாத அளவாகிவிட்டது.

இப்போது தூறல் தொடங்கியது. கதவின் விளிம்பில் நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள், நகம்தான் உடைந்தது. பின்படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே நின்றது. அவள் முழங்காலுக்கு அது பாதாளம். "ஆராவது நிக்கிறியளோ?" என்று கத்தினாள். ஒழுங்கையில் போன ஒரு பெட்டை காதில் எதையோ மாட்டியபடி போய்க்கொண்டே இருந்தாள்.

குளிரில் குந்தியிருந்தபோதுதான் தான் பிடுங்கிய இடங்களைச் சரியாகப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை. தூறல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆணி இருந்தால் ஆரோ அடித்தது என்று சோதிக்க வருபவன் எழுதுவான். வெறும் ஓட்டையைக் கண்டால் விரிப்புப் போட்டவனின் பிழை என்று எழுதுவான். அந்தத் தாளை யோசெப் சாகும்வரை மடித்து வைத்திருப்பார். பெற்ற பிள்ளைக்கு எதிராக இவ்வளவு நேரமும் சாட்சி தேடியிருக்கிறேனே என்று நினைத்தாள். ஒரு ஆணியைத் திரும்பச் செருகிப் பார்த்தாள். அது நிற்காமல் சரிந்தது.

பதினொன்றரைக்குக் கொளுக்கி கிளிக்கென்றது. கதவு எழும்பியது. ஒரு மணிக்கு வரவேண்டிய யோசெப்பின் தலை வந்தது, பிறகு கை வந்தது. கையில் ஆணி பிடுங்கும் குறடு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இஞ்ச என்ன செய்யிறாய்?" என்றார் யோசெப்.

"நீங்கள் ஏன் குறட்டோட வந்தனீங்கள்?"

யோசெப் குறட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"ஆணியளை எப்ப பாத்தனீங்கள்?"

"செப்டெம்பரில."

"பாத்திட்டு ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

"கோயில் முழுக்கச் சொல்லிப்போட்டன், பெடியன்ர வேலை சரியில்லையெண்டு. இப்ப போய், மனிசி அடிச்ச ஆணியெண்டு என்னெண்டு சொல்லுறது?"

கலியாணம் கட்டி முப்பத்தைந்து வருசத்தில் அவரை அடிக்கவேண்டும் என்று மாக்கிரட்டுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அதோடு தன்னையும்.

"போனைத் தாங்கோ."

அவர் மேலே ஏறி வந்து தந்தார். மூன்றாவது மணியில் றொக்சன் எடுத்தான். பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது.

"றொக்சன், கூரையில ஆணி அடிச்சது நான்தான் ராசா. கருவாட்டு வலைக்கு. உன்ர வேலையில ஒரு பிழையுமில்லை."

சம்மட்டிச் சத்தம் தூரப் போனது. அவன் நடந்து தள்ளி வந்திருக்கவேண்டும்.

"தெரியும் அம்மா. அடுத்த நாளே பின்னால ஏணி வச்சு ஏறிப் பாத்தனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நான் சொன்னா அப்பா உங்களை ஏசுவார். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

மாக்கிரட்டுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"அம்மா, அழாதேங்கோ. ஆணியளை மட்டும் கழட்டிப்போடாதேங்கோ. அது நிக்கிறதாலதான் தண்ணி கொஞ்சமாவது அடைபட்டு நிக்குது."

அவள் சட்டைப் பையைத் தொட்டாள். "பதினேழு கழட்டிட்டன்."

அங்கே ஒரு பெருமூச்சு. "இப்ப எங்க நிக்கிறீங்கள்?"

"கூரையில."

"மழைக்குள்ளயோ? அப்பா எங்க?"

"அவரும் இஞ்சதான்."

ஏதோ சாமான்களைத் தூக்கி வாகனத்தில் போடும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரும் வழுக்காம இறங்குங்கோ. வாறன்."

போன் நின்றது. யோசெப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"வாறானாம்."

அவர் குறட்டைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"இருக்கிற சோறு மூண்டு பேருக்குக் காணுமோ?"