மூன்றாவது டேப்

கம்பெனியின் நிலவரத்தைக் காட்டும் டாஷ்போர்டில் ஒரே பக்கத்தில் இருபத்தெட்டு வரைபடங்கள் இருந்தன. திறப்பதற்குள் உயிர் போகிறது என்று மேலாளர் கரித்துக்கொட்டியதால், அவள் அதை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் திறக்கும் மூன்று டேப்களாகப் பிரித்தாள். முதலில் செலவு, அடுத்து விற்பனை, கடைசியில் பழுதுபார்க்கும் பிரிவு சரிசெய்து கொடுத்த இயந்திரங்கள். அந்தப் பிரிவில்தான் அவளுடைய அண்ணனும் இருந்தான்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி முதல் டேப்பைப் பார்த்தார். எல்லாவற்றையும்விட நீளமாக நின்ற பட்டை பழுதுபார்ப்புச் செலவு.

"இவ்வளவு தின்னுட்டு இவங்க என்னதான்யா கிழிக்கிறாங்க?"

அவள் எழுந்தாள். "சார், அது மூணாவது டேப்ல இருக்கு. அவங்க இல்லைன்னா பாதி மெஷின் ஓடாது."

"மூணாவதா? எனக்கு முதல் பக்கமே ஜாஸ்திம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் கண்ணாலேயே அவளை உட்காரச் சொன்னார். பிரிவை மூடுவதென்று பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

மதியம் அண்ணன் உத்தரவுக் கடிதத்தோடு அவள் மேசைக்கு வந்தான்.

"எங்களை ஏன் பாப்பா கடைசியில வெச்சே?"

"அவர் எப்பவும் செலவைத்தான் முதல்ல கேப்பாருண்ணே. அப்புறம் மத்ததையும் பார்ப்பாருன்னு நினைச்சேன்."

அந்த நேரம் பார்த்து மேலாளர் எட்டிப் பார்த்தார். "அந்த மூணாவதைத் தூக்கிடும்மா. பிரிவே இல்லாம டேப் எதுக்கு?"

அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, அவள் அதை அழித்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அவன் படியிறங்கினான்.