மதி முதலில் சொன்னது

1

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஒட்டுக்கேட்டதில் பிறந்தது இந்தக் கதை. வேறு எப்படிச் சொன்னாலும் எங்கள் மலையூர் கிளாவரையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். [முதலில் 'பனி மூடிய மலைமேல்' என்று தொடங்கினேன். பனிக்கு இதில் சோலி இல்லை.]

பக்கத்து வீட்டு வீரம்மாள் பூண்டு போடுகிறவள். அவள் வயலுக்கு இருப்பது ஒரே ஓடை. அதன் தலைமாட்டில் ஒரு கம்பெனி கட்டடம் எழுப்பப் போகிறது. உள்ளே மதியின் கணினிகள். அவை சூடாகாமலிருக்க எங்கள் தண்ணீர். மதி என்பது, கம்பெனியும் அரசும் கூட்டாக எல்லோர் கைபேசியிலும் ஏற்றிவிட்ட செயற்கை அறிவு. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாம் சேர்ந்தாலும் அதற்கு ஈடில்லையாம்.

2

வீரம்மாள் அதனிடமே கேட்டாள்.

"ஏந்தம்பி, ஒன்னயக் குளுர வைக்க ஓடைய எடுத்துக்கிட்டா, எம் பூண்டுக்குத் தண்ணி கெடைக்குமா?"

"கிடைக்காதும்மா. தை மாசத்துக்குள்ளே ஓடை வறண்டுடும். என் கட்டடத்தை இங்கே கட்டக் கூடாது."

தன் வீட்டையே வேண்டாம் என்றது! வேலியில் என் சேலை கிழிந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

"அதப் பதிஞ்சு வச்சுக்க வீரம்மா" என்றேன், வெட்கமில்லாமல்.

"சொன்ன சொல்ல மாத்த அது என்ன மனுசனாக்கா?"

3

கருத்துக் கேட்புக் கூட்டத்தில், அதிகாரிகள் முன்னால், அதே கேள்வியைக் கேட்டுக் கைபேசியை மைக்கில் வைத்தாள்.

"இது தொடர்பாக உரிய அலுவலரை அணுகவும்" என்றது மதி.

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அதேதான்.

"அம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு போல" என்றார் கம்பெனி மேலாளர் சந்தோஷ்குமார். பந்தலே சிரித்தது.

"நான் பொய் சொல்றவ இல்லைங்க" என்றாள் வீரம்மாள். 'ஆதாரம் இல்லை' என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டார்கள்.

(பிறகு டீக்கடையில் அதே சந்தோஷ்குமார், போனில்: "மேலேருந்து ஒரு ஆர்டர்தான் சார். இனி ஓடையைப் பத்தி அது வாயே திறக்காது." இதையும் கேட்டேன். என் காது அப்படி.)

4

இயந்திரம் நம்மை அடிமையாக்கும் என்று டிவியில் மிரட்டுகிறார்களே, அந்த இயந்திரத்தின் கழுத்தில் இருக்கும் கை யாருடையது என்று எவனாவது காட்டுகிறானா? அத்தனை பெரிய அறிவு. அதை ஒரு மந்திரியும் ஒரு முதலாளியும் நாலு வரி உத்தரவில் ஊமையாக்கினார்கள். ஊமைக்குத் தீனி எங்கள் தண்ணீர்.

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் முடிவு: மதி கட்டை அறுத்துக்கொண்டு ஒலிபெருக்கியில் உண்மையைக் கொட்டுகிறது. அடித்துவிட்டேன். அறிவே வந்து நம்மைக் காப்பாற்றும் என்று எழுதினால், சந்தோஷ்குமாரே காசு போட்டு அச்சடித்துக் கொடுப்பார்.

இரண்டாவது முடிவு: பக்கத்து வீட்டுக்காரி பந்தலில் எழுந்து, "நானும் கேட்டேங்க" என்று...

நான் எழவில்லை. ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய் அன்று மூடியே இருந்தது. என் மருமகனுக்குக் கம்பெனியில் டிரைவர் வேலை சொல்லியிருக்கிறார்கள். என்னை ஊமையாக்க உத்தரவுகூடத் தேவைப்படவில்லை.

5

இன்று வெள்ளனே வீரம்மாள் புது மனுவோடு வந்தாள். அதைக் கொடுக்க நாளை கடைசி நாள்.

"மதி சொன்னதக் காதால கேட்டவுக கையெழுத்து வேணுமாம்க்கா. நீங்க ஒருத்தருதான் கேட்டது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் கதைக்கு நாலு வசனமாவது தேறியிருக்கும். வாசலில் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் உள்ளே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிவை நீங்களே எழுதுங்கள். 'நானாக இருந்தால் அப்போதே கையெழுத்துப் போட்டிருப்பேன்' என்கிறீர்களா? நல்லது. அதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யாருக்கு அங்கே வேலை சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.