கிர்ஸ்டினே ஹோல்ம் இறக்காத கை

ராஸ்மஸ் ஹோல்ம் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடுகிறது. அமெரிக்காவின் யூட்டாவில் மற்ற வாய்க்கால்களெல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடுகின்றன. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ராஸ்மஸ் டென்மார்க்காரர். அவர் பிறந்த ஊரில் எருக்குவியலைவிட உயரமாக எதுவும் கிடையாது. மார்மன் என்ற கிறித்தவச் சபையில் சேர்ந்து, கப்பலேறி, மனைவி கிர்ஸ்டினேயோடு கைவண்டி இழுத்துக்கொண்டு சமவெளி முழுக்க நடந்து வந்தவர். இந்தப் பள்ளத்தாக்குக்குப் போ என்றது சபை, போனார். சபையே விடுவிக்கும்வரை கிளம்பக்கூடாது. கொடுத்தது மேட்டு நிலம். முதல் குளிரில் செத்த பெண்குழந்தையை அதன் ஓரத்தில் புதைத்துவிட்டு, மீதி நிலத்தில் கோதுமை விதைத்தார்கள்.

ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டும் பொறுப்பை பிஷப் ஸ்டாடர்ட் ராஸ்மஸிடம் கொடுத்தார். ஞாயிறு கூட்டத்தில் வழக்கம்போலக் கேட்டார்: "பிரதர் ஹோல்மையும் அவர் வாய்க்காலையும் தாங்கி நிக்கிறவங்க வலது கையைத் தூக்குங்க." ஊரே தூக்கியது. எதிர்ப்பு உண்டா என்றதற்கு ஒரு கையும் இல்லை. ராஸ்மஸ் முக்காலிமேல் பால் சட்டியை வைத்து, தண்ணீர் ஊற்றி, மட்டம் பார்த்துப் பார்த்து வெட்டினார். முக்காலிக்கு ஒரு கால் குட்டை என்பது வெட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. மதகைத் திறந்தார்கள். தண்ணீர் மேடேற மாட்டாமல் மதகு வாசலோடு நின்றுகொண்டது.

"ஏன் பிரதர், உங்க ஊர்ல தண்ணி ஏணி போட்டு ஏறுமோ?" என்றார் வேல்ஸ்காரத் தச்சர் ஈவன் பியூ.

கோதுமை வாடத் தொடங்கியது. பிஷப் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர் ஹோல்ம், இந்த நிலத்தை விட்டுடுங்க. நானே விடுவிப்பு வாங்கித் தர்றேன். வடக்கே போய்ப் பொழைச்சுக்கலாம்."

"பிள்ளையையும் தோண்டி எடுத்துட்டுப் போகவா, பிஷப்? ஊரே கையைத் தூக்குச்சு. இறக்குங்கன்னு யாராவது சொன்னீங்களா?"

பிஷப் யோசித்துப் பார்த்தார். தூக்கச் சொல்லும் வழக்கம்தான் சபையில் உண்டு. இறக்கச் சொல்லும் வழக்கம் கிடையாது.

கிர்ஸ்டினே மதகடியில் போய் வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ராஸ்மஸ். பிறகு பிஷப். வெட்கப்பட்டு ஊரும் ஒவ்வொருவராக வந்தது. பியூ மட்டும் ஒதுங்கி நின்றார்.

"அன்னிக்கு நான் தூங்கிட்டிருந்தேன். தூக்கத்துல தூக்குன கை செல்லாது."

"தூக்குனது உங்க கைதானே?" என்றார் கிர்ஸ்டினே.

பியூ முனகிக்கொண்டே தூக்கினார். கடைசிக் கை அது. தண்ணீர் வாய்க்காலுக்குள் தலையை நீட்டி, சினைப்பசு மேடேறுவதுபோல நிதானமாக ஏறி, பொழுது சாய்வதற்குள் கோதுமையின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

மற்றவர்கள் சாப்பாட்டுக்குக் கையை இறக்கினார்கள். கிர்ஸ்டினே இறக்கவில்லை. இடது கையாலேயே மாவு பிசைந்தார், பால் கறந்தார், இன்னும் ஏழு பிள்ளைகளை வளர்த்தார். ராஸ்மஸ் சாகும்வரை அந்த முக்காலியின் காலைச் சரிசெய்யவில்லை. ரயில் வந்தது. அரசாங்க அளவைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தண்ணீர் இறங்குவதாகவே எழுதிக்கொண்டு போனார்கள். அளவைக்காரர்களை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஹோல்ம் பிள்ளைகள் எல்லோருக்கும் வலது கை கொஞ்சம் நீளம். அவர்கள் சட்டை வேறு யாருக்கும் சேராது. அதை ஒரு குறையாக அவர்கள் வாயால் யாரும் கேட்டதில்லை.

கிர்ஸ்டினே இறந்தபோதும் கை இறங்கவில்லை. கிழவராகிவிட்ட பியூதான் சவப்பெட்டி செய்தார். "செத்தும் என்னை வேலை வாங்குறாங்க" என்று முனகியபடி மூடியில் கைக்கென்று தனிக்கூடு வைத்து இழைத்தார். குழியை வழக்கத்தைவிட ஆழமாக வெட்டி, மகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. யார் முறை முதலில் என்பதற்குத்தான் சண்டை.