இரண்டாம் கோடு

பிபாவின் பதின்மூன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. சுனைனா தேவிக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஊர் வாய்க்கு இது போதாதா? "ஓரகத்திதானே, கூடப் பொறந்தவளா என்ன?" என்று குளத்தங்கரையில் ஒருத்தி சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. கோபம்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து அவலில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டாள். வெல்லம் போட்டோமா இல்லையா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். பீகாரில் மதுபனிப் பக்கத்துப் படத்தில் ஒற்றைக் கோடு நிற்காது. கூடவே இன்னொரு கோடு ஓடி, நடுவில் பொடிப்பொடிக் கீற்றுகள் விழுந்தால்தான் மீன் மீனாகும், மூங்கில் மூங்கிலாகும். முதல் கோடு சுனைனா போடுவாள். போட்டதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. பாயின் எதிர்ப்புறம் தள்ளிவிடுவாள். அங்கே உட்கார்ந்து பிபா இரண்டாம் கோட்டை இழுத்துக் கீற்றும் போட்டுத் தருவாள். மூலையில் விழும் பெயர் மட்டும் ஒன்றுதான்: சுனைனா தேவி.

"உங்க கோட்டுக்குப் பின்னால நாய்க்குட்டி மாதிரி ஓடுறவ நான். எனக்கு எதுக்கு தீதி பேரு?" என்பாள் பிபா. அக்கா என்று கூப்பிடுகிறவள் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? சுனைனா நம்பினாள். நடுங்காத கை என்று புகழ்ந்து பாட்னாவில் விருது கொடுத்தபோது மேடையில் நின்றவளும் அவள்தான். பிபா கீழே உட்கார்ந்து மக்கானாப் பொரி கொறித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பாயில் கிடப்பது புதுமணத் தம்பதி அறைக்கான தாமரை, மூங்கில், மீன். சுனைனாவின் கோடு முழுதும் விழுந்தாயிற்று. பிபாவின் கோடு தாமரையோடு நின்றிருந்தது. காய்ச்சல் என்று அங்கிருந்துதான் எழுந்து போனாள்.

படங்களைத் தில்லிக் கண்காட்சிக்கு வாங்கிப் போகும் நவல் சௌத்ரி காலையில் வந்தான். சித்தி முறை வைத்து அவளைச் சாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

"மீதியையும் நீங்களே போட்டுடுங்க சாச்சி. சாயங்காலம் எடுத்துக்கறேன்."

"இதுலயாவது அவ பேரையும் போடணும்."

"செத்தவங்க பேரு எதுக்கு சாச்சி? வம்பு. வாங்குறவன் உங்க கைக்குத்தான் வாங்குறான்."

"சரி," என்றாள். எதற்கும் இப்போது சரிதான்.

அவன் போனதும் மூங்கில் குச்சியை மையில் தொட்டுக்கொண்டு, முதல்முறையாகப் பிபாவின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். தாமரை தெளிவாக இருந்தது. அதைத் தாண்டி, தன் கோடு மட்டும் ஓடிய மூங்கில் பக்கம் பார்த்தாள். கோடா அது? மழையில் மண்புழு போன தடம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நடுங்கித்தான் இருந்தது.

தாமரைப் பக்கம் குனிந்தாள். அங்கேயும் அவள் கோடு நடுங்கியிருந்தது. கோணிய இடத்திலெல்லாம் பிபா கீற்றை நெருக்கி மூடி, தன் கோட்டை நேராக ஓடவிட்டிருந்தாள். எத்தனை வருஷமாக? சொல்லித் தொலைத்திருக்கலாம் பாவி மகள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூங்கிலுக்கு இரண்டாம் கோடு இழுத்துப் பார்த்தாள். நடுங்கிய கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு நடுங்கிய கோடு. குச்சியைக் கீழே வைத்தாள். கண்ணீர் இப்போதும் வரவில்லை. நெஞ்சு மரத்துப்போன கால் போல இருந்தது. ஊன்றினால் வலிக்கும் என்று ஊன்றாமல் வைத்திருந்தாள்.

சாயங்காலம் நவல் படத்தை விரித்தான். பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. மூலையில் பிபா தேவி என்று மட்டும் எழுதியிருந்தது.

"என்ன சாச்சி இது? ரெண்டாம் கோடு எங்க?"

"போட ஆளில்ல."

"உங்க பேரு?"

"மூங்கில் பக்கம் பாரு. அங்க பூரா என் பேருதான்."

அவன் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். வெகுநேரம் பார்த்தான்.

"சாச்சி, கோடு நடுங்குதே?"

"ஆமா. அதுதான் என் கை," என்றாள் சுனைனா. "நடுங்காத கைய எரிச்சுட்டு வந்தாச்சு."