கொப்பி என்று சொல்லுங்கள்

தானே கொண்டுபோன கைமணிக்கூட்டைப் போலி, கொப்பி என்று சொல்லிக் கடைக்காரரோடு சண்டை பிடித்த முதல் பொம்பிளை நானாகத்தான் இருப்பேன். முர்ஷித் முதலாளியும் அதைத்தான் சொன்னார்.

அவருடைய கடை வெள்ளவத்தையில், காலி வீதிப் புடவைக் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருக்கிறது. விலைகூடிய பழைய மணிக்கூடுகளைப் பார்த்து, ஒரிஜினல் என்றால் வாங்குவார். கொப்பி என்றால் முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பித் தருவார். கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் மாறி ஏறி அவரிடம் போனேன். எங்கள் பக்கத்திலும் மணிக்கூட்டுக் கடை இருக்கிறது. அங்கே நான் படி ஏறினால், இறங்க முன்னம் லேன் முழுக்கக் கதை போய்விடும்.

கொப்பி என்ற ஒரு சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சோறு வடிக்கலாம் என்று நினைத்தேன்.

என் மனிசன் ஹியூபேட்டும் பக்கத்து வீட்டு லவினாவின் மனிசன் ஸ்ரான்லியும் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரே ஸ்டோரில் வேலை. ஸ்ரான்லியின் மூத்தவளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் ஹியூபேட். புதுவருச லீவுக்குப் பிறகு அந்த ஸ்டோரில் வெளிநாட்டு மணிக்கூடுகள் இருந்த பார்சல் ஒன்று காணாமல் போனது. சாவி ஸ்ரான்லியிடம்தான் இருந்தது என்று பொலிசில் சொன்னவர் ஹியூபேட். அன்றிலிருந்து ஸ்ரான்லி ரிமாண்டில். லவினா சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு பொரளைச் சிறைச்சாலைக்கு அலைகிறாள்.

கொஞ்ச நாள் கழித்து ஹியூபேட்டின் கையில் ஒரு மணிக்கூடு. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய கொப்பியாம். எங்கள் லேனில் யார் கையில்தான் கொப்பி இல்லை? மீன் விற்கிறவர் கூடத் தங்க நிறத்தில் ஒன்று கட்டியிருக்கிறார். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா சொல்லக் கூடாது, என் மனிசனுக்கு அது நல்ல வடிவாகவும் இருந்தது.

பிறகுதான் கண்ணில் குத்தத் தொடங்கியது. பூசைக்குக் கட்டுவார், கலியாண வீட்டுக்குக் கட்டுவார், வேலைக்கு மட்டும் கட்ட மாட்டார். லவினா வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால், மணிக்கூட்டைக் கழற்றிச் சாரன் மடிப்பில் செருகுவார். கொப்பி கட்டுகிறவருக்கு என்ன ஒளிப்பு? நேரே கேட்டேன். சுவரில் இருந்த அந்தோனியார் படத்தில் கையை வைத்து, "இவர் சாட்சி றஞ்சி, கொப்பிதான்" என்றார். நம்பினேன். நம்பினால் பிறகு ஏன் பஸ் ஏறினாய் என்று கேட்காதீர்கள். அவர் வேலைக்குப் போனதும் அலுமாரியில் உடுப்புக்கு அடியில் இருந்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முர்ஷித் முதலாளி முதலில் அதை உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு எழுத்துகளின் விளிம்பைப் பார்த்தார். சங்கிலியை நெளித்து நெளித்துக் காதில் வைத்துக் கேட்டார்.

"முள்ளு வழுக்கிக்கொண்டு ஓடுறதப் பாத்து ஒரிஜினல் எண்டு ஏமாறாதீங்க. எங்கட லேன்ல இருக்கிற கொப்பியெல்லாம் அப்படித்தான் ஓடும்," என்றேன்.

"அது சரிதான் அக்கா. இப்ப முள்ள வெச்சி ஒண்டும் செல்லேலா. பின்மூடியத் தொறந்துதான் பாக்கணும். தொறக்கவா?"

"தொறங்க."

மூடியைத் திருகி எடுத்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எனக்கு என்ன விளங்கப் போகிறது? குட்டிக் குட்டிச் சில்லுகள். ஆனால் முதலாளி, பிறந்த பிள்ளையைக் காட்டுகிற நேர்ஸ் மாதிரிச் சந்தோசத்தில் இருந்தார்.

"கொப்பிக்காரன் வெளிப்பக்கத்த நல்லா செய்வான். மூடினாப் பொறகு யார் பாக்கப் போற எண்டு உள்ளுக்கு சல்லி போட மாட்டான். இதப் பாருங்க, ஒருத்தரும் பாக்காத எடத்துலயும் பொலிஷ் போட்டிரிக்கி. ஒரிஜினல் அக்கா. சந்தேகமே இல்ல."

"இல்ல முதலாளி, கொப்பி. நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"இன்னொருக்காப் பாருங்க. நடைபாதையில வாங்கினது. உங்களுக்கு வயசு போயிட்டுது, கண் பிடிபடுதில்ல போல."

கோபிக்காமல் சிரித்தார். "இந்தக் கதிரைல இருந்து எத்தின சத்தியம் கேட்டிரிப்பேன். கொப்பியக் கொண்டுவந்து ஒரிஜினல் எண்டு தலைல அடிச்சி சத்தியம் பண்ணுவாங்க. ஒரிஜினலக் கொண்டுவந்து கொப்பி எண்டு சண்ட புடிக்கிற மொத ஆள் நீங்கதான்."

"கொப்பி எண்டு சொல்லுங்களேன்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "சும்மா ஒருக்காச் சொல்லுங்க. நான் விக்க வரேல்ல."

அவருடைய சிரிப்பு நின்றது. "வாங்கின பெட்டி, கேரண்டி கார்ட் ஏதும் இரிக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். மூடியைப் பூட்டினார். ஒரு துணியை எடுத்து, தன் விரல் பட்ட இடமெல்லாம் துடைத்தார். துணியாலேயே பிடித்து என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போங்க அக்கா. யார்ட எண்டு நான் கேக்கல்ல. நீங்களும் இங்க வந்தீங்க எண்டு ஒருத்தர்ட்டயும் செல்லாதீங்க."

பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாவி மனிசன், ஊரெல்லாம் கொப்பி கட்டுகிற இடத்தில் களவெடுத்ததைப் பகிரங்கமாகக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். நானும் அதைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். ஞானப்பிள்ளையின் தகப்பனைக் கம்பிக்குள் தள்ளிவிட்டு, அந்தோனியாரில் கை வைக்க எப்படி மனசு வந்தது?

ஹியூபேட் உள்ளே போனால் சோற்றுப் பார்சல் கட்டப் போகிறவள் நான். மகள் றஷ்மிக்கு இந்த வருசம் ஓ.எல். பரீட்சை. பள்ளிக்கூடத்தில் கள்ளனின் மகள் என்பார்கள். இப்போது லவினாவின் பிள்ளைகளை அப்படித்தான் சொல்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், பொலிஸ் ஸ்டேசனுக்கு முன்னால் பஸ் நின்றபோது நான் இறங்கவில்லை.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை அவருடைய நாள், வாசலில் கால் வைக்க இடமில்லை. எடுத்தவன் பிடிபட வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்போம் வா என்று லவினாவைக் கூப்பிட்டவளே நான்தான். மெழுகுதிரி எனக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். சட்டை தோளில் இருந்து நழுவும் அளவுக்கு மெலிந்துபோயிருந்தாள்.

"அவர் இண்டைக்கும் சாப்பாட்டத் தொடல்ல அக்கா. 'ஹியூபேட் அண்ணன் வெளியில இருக்கிறார்தானே, என்னை எப்படியும் வெளிய எடுப்பார்' எண்டு அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்."

திரியைப் பற்றவைத்தோம்.

"நீங்களும் கேளுங்க அக்கா. நீங்க கேட்டா அந்தோனியார் தருவார். எடுத்தவனக் காட்டித் தரச் சொல்லிக் கேளுங்க."

பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டோம். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். "அந்தோனியாரே, காட்டிக் கொடுத்துவிடாதேயும்" என்று மனசுக்குள் கேட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு உருக்கமாக நான் எதையும் கேட்டதில்லை.

"கேட்டீங்களா அக்கா?"

"ஓம்."

லவினா என் கைக்கு மேல் தன் கையை வைத்து, கண்ணை மூடி, "ஆமென்" என்றாள்.