ஹெதரின் ஸ்டிக்கரில் என்ன இருந்தது

1

இந்தக் கதை எனக்கு வட்ஸ்அப்பில் வந்தது. அனுப்பியவர் வாவிக்கரைப் பாடசாலை ஒன்றின் அதிபர். பாடசாலையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்றப் பாடசாலை அதிபர்கள் தங்களை ஏன் விட்டுவிட்டேன் என்று கோபிப்பார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இணையத்தில் ஒருவரோடொருவர் அன்பாக நடந்துகொள்ளப் பழக்குவதற்காக, பாடசாலையும் பெற்றோரும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். பெயர் 'இணைய வெளியில் இன்முகம்'. திட்டத்துக்கு ஒரு சிறுநூல் தேவை, சிறுநூலுக்கு ஒரு கதை தேவை. கதை உருக்கமாக இருக்க வேண்டும், கடைசியில் பிள்ளை எல்லாரையும் மன்னிக்க வேண்டும் என்றார் அதிபர். ஆதாரத்துக்கு ஒரு ஸ்டிக்கரையும் அனுப்பிவைத்தார்.

பார்த்தேன். பிறகு இன்னொரு தரமும் பார்த்தேன். இரண்டாம் தரம் பார்த்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை.

2

தொடக்கங்கள்:

(அ) ஒரு சனிக்கிழமை காலை, தரம் பதினொன்றில் படிக்கும் ஹெதர் தன்னுடைய முகத்தை...

விட்டுவிட்டேன். சனிக்கிழமை காலையில் தொடங்கும் கதைகள் மத்தியானத்துக்குள் போதனைக்கு வந்துவிடுகின்றன.

(ஆ) நாவற்குடாவில் சீருடை தைக்கும் டல்சிக்கு ஒரே மகள் ஹெதர். அந்த ஸ்டிக்கரில் அவள்

[இங்கே மூன்று வரிகள் இருந்தன. நன்றாகவே வந்திருந்தன. அவை எங்கே போயின என்பது ஐந்தாம் பகுதியில்.]

(இ) தொடக்க விழாவில் மங்கள விளக்கேற்றவே முக்கால் மணி நேரம் போனது.

இதை வைத்துக்கொள்கிறேன். கோபமாக எழுதுவதைவிடக் கிண்டலாக எழுதுவது எனக்கு லேசு.

3

தொடக்க விழாவில் மங்கள விளக்கேற்றவே முக்கால் மணி நேரம் போனது. திரிகள் ஆறு, ஏற்றத் தகுதியானவர்கள் பதினொருவர். திட்டத்தின் இலச்சினையில் ஒரு மீன் கையில் போனை வைத்துக்கொண்டு சிரித்தது. மட்டக்களப்பில் எந்தக் குழு தொடங்கினாலும் இலச்சினையில் மீன் வந்துவிடும். மீனுக்குக் கை ஏது என்று அன்று கேட்டவர் எவருமில்லை. மூன்று பேர் உரையாற்றினார்கள். மூவரும் 'இன்றைய இளைய சமுதாயம்' என்றே ஆரம்பித்தார்கள். மாணவர் ஒருவர் பேசுவதற்கு ஐந்து நிமிடம் வைத்திருந்தார்கள். நேரம் போதாமல் அது வெட்டுப்பட்டது. பெற்றோரும் ஆசிரியர்களும் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். எல்லாரையும் ஒரே வட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர்.

மூன்றாம் நாள், வகுப்பாசிரியை ஒரு முறைப்பாட்டோடு அதிபரிடம் போனார். பதினோராம் தரத்துப் பிள்ளைகளிடையே ஹெதரின் முகத்தை வைத்து ஒரு ஸ்டிக்கர் சுற்றுகிறது. செய்தது அவளுடைய கூட்டாளி தனுஷியா. பதினேழு பேரிடம் இருக்கிறது.

அதிபர் உடனே செயற்பட்டார். அந்த ஸ்டிக்கரைப் பெற்றோர் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: 'அன்பான பெற்றோர்களே, இப்படியானவற்றை யாரும் பகிர வேண்டாம்.'*

* அடிக்குறிப்பு மாதிரி: முப்பத்தொரு பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒருவர் ரோசாப்பூவோடு காலை வணக்கம் போட்டார். ஏழு பேர் "யார்ர பிள்ள?" என்று கேட்டார்கள். ஐந்து பேர் பதில் சொன்னார்கள்.

டல்சியும் அந்தக் குழுவில்தான் இருந்தார். யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடை தையல் மெசினில் கிடக்க, அதைப் பார்த்தார்.

பதினேழு பேருக்குள் அது பகிடியா, நோகடிப்பா என்று ஹெதருக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேரானதும் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவள் பாடசாலைக்குப் போகவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்குப் பத்துக் கிழமைதான் இருந்தது.

4

அதிபரை வில்லனாக்க எனக்கு ஆசை. மீசைகூட வைத்துப் பார்த்தேன். (அவருக்கு மீசை இல்லை.)

ஆனால் அந்தப் பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை. போன வெள்ளத்தில் வகுப்பறைக்குள் தண்ணீர் வந்தபோது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்து மேசைகளைத் தூக்கிய மனிதர் இவர். தவறைக் காட்டினால் தவறு வெட்கப்பட்டுப் போய்விடும் என்று மெய்யாகவே நம்பினார். வெட்கப்பட்டது வேறு ஆள் என்பது அவருக்கு விளங்கவில்லை.

தனுஷியாவையும் கெட்டவளாக்க முடியவில்லை. வகுப்பில் எல்லாருக்கும் ஸ்டிக்கர் செய்தவள் அவள்தான். தன் முகத்தையும் விட்டுவைக்கவில்லை.

எனவே வில்லன் இல்லாமலே கதை நகர வேண்டியிருக்கிறது.

5

திட்ட அறிக்கையில் இல்லாத ஒரு வேலையைத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர் டிலக்சன் சேர் தொடங்கினார். குழுவிலிருந்து அதிபர் ஸ்டிக்கரை நீக்கிவிட்டார்தான். ஆனால் சேமித்தவர்களின் போன்களில் அது இருந்தது. டிலக்சன் சேர் டல்சியிடம் போய், வீடு வீடாகப் போவோமா என்று கேட்டார். டல்சிக்குத் தெரியாத வீடில்லை. அத்தனை பிள்ளைகளின் தோள் அளவும் அவருடைய கொப்பியில் இருக்கிறது.

போன வீடுகளில் எல்லாம் ஒரே காட்சி. போனை வைத்திருப்பவர் தாய் அல்லது தகப்பன். அழிக்கத் தெரிந்தது பிள்ளை. குழுவில் அழித்தால் போதாது, படங்கள் கிடக்கும் கலரியில் அழி, ஸ்டிக்கர் வரிசையிலும் அழி என்று டிலக்சன் சேர் சொல்லச் சொல்ல, பிள்ளை தாய்க்குப் பக்கத்தில் இருந்து அழித்தது. ஒரு தகப்பன், தான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றார். அவருடைய போனில் அது விருப்பமானவற்றுக்குள் இருந்தது. மகள் அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அன்று அந்த வீட்டில் யார் யாருக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

தனுஷியா தன் தாயின் போனில் அழித்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு அவர்களோடு போனாள். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

அப்படிப் போகத் தொடங்கிய நாலாம் நாள் பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார்கள். டல்சி, டிலக்சன் சேர், அவர்களுக்குப் பின்னால் ஹெதர்.

"அண்ணன், உங்களிட்டயும் கிடக்காம்" என்றார் டல்சி.

எழுத்தாளனுக்கு விதிவிலக்கு உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். அழித்தேன். கலரியையும் திறந்து காட்டச் சொன்னார் டிலக்சன் சேர். காட்டினேன்.

அதற்குள் ஹெதர் மேசையில் கிடந்த தாள்களை வாசித்துக்கொண்டிருந்தாள். (ஆ) வரைக்கும் வந்திருந்தாள்.

"இத எத்தின பேர் வாசிப்பாங்க, அங்கிள்?"

"ஒரு முந்நூறு பிரதி அடிப்பாங்க."

"வாசிக்கிறதத்தான் கேட்டன்."

தமிழில் எழுதுகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. நாற்பது பேர் என்று உண்மையைச் சொன்னேன்.

"அப்ப இன்னும் நாப்பது போன்" என்றாள்.

மூன்று வரிகளையும் பேனையால் அடித்தேன். வெளிச்சத்தில் பிடித்தாலும் வாசிக்க முடியாதபடி அடிக்க வேண்டும் என்று நின்றாள். அப்படியே அடித்தேன். (ஹெதர் என்பது அவளுடைய பெயரல்ல. அன்று அவளே தெரிவுசெய்தது. தாய்க்கும் அவளே பெயர் வைத்தாள்.)

6

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போவதென்று ஹெதர் முடிவெடுத்தாள். செய்தி திட்டக் குழுவுக்கு எட்டியது. குழு கூடி நிகழ்ச்சி வகுத்தது: கேற்றிலிருந்து மண்டபம் வரை பிள்ளைகள் இரண்டு வரிசையில் பூவோடு நிற்பது, பான்ட் வாத்தியம், மேடையில் ஹெதர் இரண்டு நிமிடம் மன்னித்துப் பேசுவது, அதற்குப் பிறகு சிறுநூல் பற்றிய அறிவிப்பு.

இதைக் கேட்ட ஹெதர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒருத்தரும் ஒண்டும் செய்யப்படா, அங்கிள். என்னைப் பாக்கவும்படா. நான் போய் என்ட இடத்தில இரிக்கணும்."

பூவோடு நின்றால் திரும்பி வந்துவிடுவேன், பிறகு போகவே மாட்டேன் என்றும் சொன்னாள். பயமுறுத்துகிற குரல் இல்லை. பாட நேரசூசி சொல்வதுபோல் சொன்னாள்.

அதிபருக்கு எடுத்துச் சொன்னேன். பான்ட் பிள்ளைகள் இரண்டு நாளாகப் பழகுகிறார்கள் என்றார். பூவுக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் எங்க நிக்கிற, ஐயா?"

"உங்கட கந்தோர் அறைக்குள்ள."

"ம்" என்றார். அந்த 'ம்' சம்மதமா என்று எனக்குத் தெரியாது.

7

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

அதிபர் கேட்டது: அவள் மேடையேறி எல்லாரையும் மன்னிக்கிறாள், தாய் கண்ணைத் துடைக்கிறார். சிறுநூலுக்குப் பொருந்தும்.

என் பழக்கத்தில் வருவது: பான்ட் சத்தம் கேட்டதும் அவள் கேற்றடியில் திரும்பி... இலக்கியச் சஞ்சிகைகள் விரும்பிப் போடும். ஒரு பிள்ளையின் பரீட்சையைக் கொடுத்து வாங்கும் முடிவு அது. எழுதினேன், கிழித்தேன்.

டிலக்சன் சேர் சொன்னது: "ஒண்டும் நடக்கா. முதல் பாடம் கணிதம்." இதை எப்படிக் கதை என்று அச்சில் போடுவது?

இன்று ஞாயிறு பின்னேரம். நீங்கள் இதை வாசிக்கும்போது அந்தத் திங்கள் கழிந்திருக்கும். பூ இருந்ததா, அவள் உள்ளே போனாளா என்று அறிய உங்களுக்கு ஆவலாயிருக்கும். எனக்கும்தான். காலை ஏழு இருபதுக்குக் கேற்றுக்கு எதிரே உள்ள கடையில் தேத்தண்ணி குடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். போகமாட்டேன். நீங்களும் விசாரிக்க வேண்டாம். பாக்கவும்படா என்று அவள் சொன்னது நாற்பது பேருக்கும் சேர்த்துத்தான். அடுத்த பக்கத்தில் யாரோ ஒருவருடைய கவிதை இருக்கும். சுமாராக இருந்தாலும், கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.